ஒன் மோர்

சனிக்கிழமை காலையிலேயே அப்பா சவரம் செய்துகொண்டு, பெட்டியில் இருந்த கட்டம் போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். வெளியே போகப்போவது அவரல்ல, மகள் தமிழ்மொழிதான்; வீட்டில் மொழி என்று கூப்பிடுவார்கள். இருந்தாலும் மாஸ்டர் வருகிற நாளில் பனியனோடு உட்கார்ந்திருக்க அவருக்கு மனசு ஒப்பவில்லை.

அடையாறு காந்தி நகரில் ஒரு பழைய பங்களாவில் நடக்கிற சினிமாப் பள்ளியில் அவள் எடிட்டிங் படித்தாள். மாதத்தில் ஒரு சனிக்கிழமை அங்கே மூத்த கலைஞர் ஒருவரை அழைத்துவந்து மாணவர்களோடு பேச வைப்பார்கள். ‘சந்திப்பு’ என்று அதற்குப் பெயர். மேக்கப் போட்டவர், செட் போட்டவர், கோரஸ் பாடியவர் என்று ஒவ்வொருவராக வந்து போனார்கள். இந்த மாதம் வரப்போகிறவர் சங்கரன் மாஸ்டர். ஒரு காலத்தில் பாதிப் படங்களில் ‘சண்டைப் பயிற்சி’ என்ற எழுத்துக்குக் கீழே அவர் பெயர்தான் வரும். அந்தப் பெயரின் நிழலில் பெயர் வராமல் உருண்டவர்கள், எரிந்தவர்கள், குதித்தவர்கள் பல பேர். மொழியின் அப்பா நாகராஜ் அவர்களில் ஒருவர்.

“இன்னா சொல்லுவ? சொல்லிக் காட்டு” என்றார் அப்பா.

“நான் நாகராஜ் பொண்ணு சார்...”

“சார் இன்னா சார்? மாஸ்டர்னு சொல்லு.”

“நான் நாகராஜ் பொண்ணு மாஸ்டர். அன்னிக்கு ஷாட்ட கெடுத்ததுக்கு நைனா உங்க கிட்ட மன்னிப்பு கேக்கச் சொன்னாரு.”

“ஆங். கூட்டத்துல சொல்லாத. தனியா இருக்கசொல்ல சொல்லு. அவருக்கு சங்கடமாப் பூடும்.”

அடுப்படியில் ஆப்ப மாவு கலக்கிக்கொண்டிருந்த அம்மா பொன்மணி கரண்டியைப் பாத்திரத்தின் விளிம்பில் ஓங்கித் தட்டினாள். “ஒடஞ்சது இவரு இடுப்பு. மன்னிப்பும் இவரே கேக்கணுமாம். ஊர் உலகத்துல இல்லாத நியாயம் இந்த ஊட்லதான் கீது.”

அப்பா அதைக் காதில் வாங்கவில்லை. வாங்கினால் பதில் சொல்ல வேண்டும்.

மொழி சின்னப் பிள்ளையாக இருந்தபோது நடந்தது அது. கட்டி முடிக்காத ஒரு கட்டடத்தின் இரண்டாவது மாடியிலிருந்து கதாநாயகன் குதிக்கிற காட்சி. கதாநாயகனின் சட்டையையும் தலைமுடியையும் மாட்டிக்கொண்டு குதித்தவர் நாகராஜ். கீழே அட்டைப்பெட்டிகளை அடுக்கி மேலே மெத்தை போட்டிருந்தார்கள். முதல் தடவை குதித்து நல்லபடியாகத்தான் விழுந்தார். நொறுங்கிய பெட்டிகளுக்குள்ளிருந்து எழுந்து வெளியே வருவதற்குள் மாஸ்டரின் குரல் வந்தது: ‘ஒன் மோர்.’

மாஸ்டர் ‘ஒன் மோர்’ என்றால் ஃபைட்டர் ஏன் என்று கேட்பதில்லை. அது அந்தத் தொழிலில் எழுதாத சட்டம். கேட்டால் பயந்துவிட்டான் என்று பேராகும். பயந்தவன் என்று பேர் வாங்கினவனை அடுத்த படத்துக்குக் கூப்பிடமாட்டார்கள். அதனால் தப்பு எங்கே என்று அவனவனே யோசித்துக் கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும். நாகராஜும் மறுபடி படியேறும்போது யோசித்தார். டூப் போடுகிறவன் செய்யக்கூடிய பெரிய தப்பு ஒன்றுதான்: முகம் கேமராவுக்குத் தெரிவது. ஆக, நம் முகம் தெரிந்துவிட்டது என்று முடிவு கட்டினார். இரண்டாவது தடவை முகத்தைச் சுத்தமாகப் பின்பக்கம் திருப்பிக்கொண்டு குதித்தார். மெத்தை எங்கே இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாத குதி. இடுப்பு பெட்டிக்கு வெளியே இறங்கியது.

அதற்கப்புறம் அவர் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தார். கோட்டூர்புரம் ஹவுசிங் போர்டில் தரைத்தள வீடு கிடைத்தது ஒரு நல்ல காலம். அம்மா பிளாக் வாசலில் ஆப்பக் கடை போட்டாள். அப்பா வெங்காயம் உரித்துக் கொடுப்பார். பொங்கலுக்குப் பொங்கல் மாஸ்டருக்குப் போன் பண்ணுவார். வணக்கம் மாஸ்டர், நல்லா இருக்கியாடா, உடம்பப் பாத்துக்க. அவ்வளவுதான், லைன் போய்விடும். மனதில் இருக்கிற அந்த ஒன்று மட்டும் வாய்க்கு வராது. அன்றைக்குத் தன்னால் ஷூட்டிங் நின்றுபோனது, மாஸ்டர் எல்லார் முன்னாலும் தலைகுனிந்தார் என்பது அவருக்குள் முள்ளாக இருந்தது. அந்தப் படம் டிவியில் வந்தால் சேனலை மாற்றிவிடுவார். பக்கத்து வீட்டில் அதன் பாட்டு ஓடினாலும் ஜன்னலைச் சாத்தச் சொல்வார்.

மொழி தலையாட்டிவிட்டுக் கிளம்பினாள்.

மாஸ்டர் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார். வெள்ளைச் சட்டை, கறுப்புச் சாயம் போட்ட மீசை, இடது கையில் இரண்டு விரல் மடங்காது. அலுவலக அறையில் உட்கார வைத்தார்கள். டீ கொண்டுபோய்க் கொடுக்கிற வேலையை மொழி தானே கேட்டு வாங்கிக்கொண்டாள். அவர் அவள் பெயரைக் கேட்டார். சொன்னாள்.

“தமிழ்மொழியா? பேரே படத் தலைப்பு மாறி கீதே” என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பில் கள்ளமில்லை. இப்போது சொல்லிவிட வேண்டும் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் பக்கத்தில் கூடப் படிக்கிற மஹ்விஷ் கேமரா பேட்டரி மாற்றிக்கொண்டு நின்றாள். மஹ்விஷ் நல்ல தோழிதான். இருந்தாலும் அப்பா என்ன பண்ணுகிறார் என்று அவள் முதல் நாள் கேட்டதற்கு, வீட்டில் இருக்கிறார் என்று மட்டும்தான் மொழி சொல்லியிருந்தாள். சினிமாக்காரர் வீட்டுப் பெண் என்றால் எல்லோரும் ஆர்வமாகத் திரும்பிப் பார்ப்பார்கள், அப்புறம் எந்தப் படத்தில் யார் என்று கேட்பார்கள். முகம் தெரியாமல் வேலை செய்தவரைப் பற்றி என்னவென்று சொல்வது? அதற்குள் வகுப்பு ஆசிரியை ஸ்ரீலக்ஷ்மி வந்து மாஸ்டரைக் கூடத்துக்கு அழைத்துப் போய்விட்டார். பேச்சு முடிந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று மொழி தன்னைச் சமாதானம் செய்துகொண்டாள்.

கூடம் நிறைந்திருந்தது. மொழிக்கு மைக் எடுத்துக்கொண்டு போய்க் கேள்வி கேட்பவர்களிடம் கொடுக்கிற வேலை. பதிவான வீடியோவை எடிட் செய்து பள்ளியின் யூடியூப் பக்கத்தில் போடுகிற வேலையும் அவளுடையதுதான். மாஸ்டர் சரளமாகப் பேசினார். தீ வைத்துக்கொள்வதற்கு முன்னால் உடம்பில் என்ன தடவுவார்கள், குதிரையிலிருந்து விழுகிற மாதிரி எப்படி விழுவது என்றெல்லாம் எழுந்து நின்றே நடித்துக் காட்டினார். பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்கள். மொழிக்கே கொஞ்ச நேரம் பெருமையாக இருந்தது. அப்பா இதைப் பார்த்தால் எப்படிச் சிரிப்பார் என்று நினைத்துக்கொண்டாள்.

யாரோ ஒரு பையன், உங்கள் ஆட்களை நீங்கள் எப்படிப் பழக்கினீர்கள் என்று கேட்டான். மாஸ்டர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்.

“பழக்கறதெல்லாம் இல்ல ராஜா. அவனுங்க தங்கம். ஒண்ணு சொல்றேன் கேளு. ஒரு படத்துல ரெண்டாவது மாடிலேந்து ஒரு ஜம்ப்பு. மொதோ டேக்லயே ஓகே. கேமராமேன் கை தட்டறாரு. டைரக்டர் அடுத்த ஷாட்டுக்குப் போலாம்னுட்டாரு. அப்ப பாத்து நம்ம ஹீரோ சாப்ட்டு முடிச்சிட்டு, கை தொடச்சிக்கினு கேரவன்லேந்து எறங்கறாரு. கூட சொந்தக்காரங்க வேற. ‘இன்னா மாஸ்டர், நாங்க பாக்கவே இல்லியே’ன்றாரு. நான் இன்னா பண்ணுவேன்? பெட்டிப் பக்கம் பாத்து ஒன் மோர்னேன். பையன் இன்னாத்துக்குன்னு ஒரு வார்த்த கேக்கல. கடகடன்னு ஏறிட்டான். படத்துல கீறது மொதோ டேக்குதான். ரெண்டாவது சும்மா அவங்க பாக்கறதுக்கு.”

கூடம் சிரித்தது. மாஸ்டரும் சிரித்தார். மஹ்விஷ் கேமராவுக்குப் பின்னால் நின்று சிரித்தாள். நாற்காலி வரிசைகளுக்கு நடுவில் நின்ற மொழிக்கு அந்தப் பையன் யார் என்று தெரிந்துபோயிற்று. இன்னொரு பையன் கை தூக்கி மைக் கேட்டான். அவள் கொடுக்கவில்லை. வகுப்பில் பேர் கூப்பிட்டால்கூட மெதுவாகப் பதில் சொல்கிறவள், மைக்கைத் தன் வாய்க்கே கொண்டுபோனாள்.

“ரெண்டாவது தடவ குதிச்சப்போ என்னாச்சு மாஸ்டர்?”

தன் குரல் ஸ்பீக்கரில் வேறு யாருடையதோ போலக் கேட்டது. மாஸ்டர் கண்ணுக்கு மேல் கை வைத்து, விளக்கு வெளிச்சத்தைத் தாண்டி அவளைத் தேடினார். சிரிப்பு அவர் முகத்தில் கொஞ்சம் மிச்சமிருந்தது. பிறகு அதுவும் போயிற்று.

“அடி பட்டுதும்மா. பலமான அடிதான். நம்ம ஃபீல்டுல அது சகஜம். ஆனா அவன் மூஞ்ச அந்தாண்ட திருப்பிக்கினு குதிச்சிட்டான். மொதோ தடவ அவ்ளோ அழகா குதிச்சவன். எதுக்கு அப்டி பண்ணான்னு இன்னி வரைக்கும் எனக்குப் புரியல. நல்ல பையன். இப்பவும் பொங்கலுக்கு போன் பண்ணுவான்.”

எதற்கு அப்படிச் செய்தார் என்று அந்தக் கூடத்தில் ஒருத்திக்குத் தெரியும். மேலே ஏறினவருக்கு ஏன் ஏறச் சொன்னார்கள் என்று தெரியாது. ஏறச் சொன்னவருக்கு அவர் ஏன் முகத்தைத் திருப்பினார் என்று தெரியாது. இரண்டும் தெரிந்தவள் மைக்கைப் பிடித்துக்கொண்டு கல்லாக நின்றாள். கை தூக்கியிருந்த பையன் எட்டி மைக்கை வாங்கிக்கொண்டு, இப்போதெல்லாம் கிராபிக்ஸ் வந்துவிட்டதே என்று கேட்க, பேச்சு வேறு பக்கம் போயிற்று. கடைசியில் பொன்னாடை போட்டார்கள், போட்டோ எடுத்தார்கள். மாஸ்டர் காரில் ஏறும்போது மொழி மாடிப்படிக்குக் கீழே வயர் சுற்றிக்கொண்டிருந்தாள். அவரைப் போய்ப் பார்க்கவில்லை.

ஸ்ரீலக்ஷ்மி அவளைத் தேடி வந்தார். குரலில் கோபம் இல்லை. அந்தக் கேள்வியை அவள் தப்பாகக் கேட்கவில்லை என்றுதான் ஆரம்பித்தார். ஆனால் அந்த இடத்தை வீடியோவில் வைக்க வேண்டாம், ஹீரோ கதையிலிருந்து அடிபட்டது வரைக்கும் வெட்டிவிடு என்றார். மரியாதையாகக் கூப்பிட்டு வந்தவரை நாமே சங்கடத்தில் மாட்டிவிட்ட மாதிரி ஆகும், அடுத்து கூப்பிட்டால் யாரும் வர யோசிப்பார்கள் என்றார். “திங்கக்கிழமைக்குள்ள குடுத்துடு, என்ன?” மொழி சரி என்றாள்.

வீட்டுக்குக் காந்தி மண்டபம் சாலை வழியாக நடந்தே போனாள். தோளில் பள்ளியின் லேப்டாப். அதில் அந்த வீடியோ. மனசு ஓயாமல் கணக்குப் போட்டது. வெட்டிவிட்டால் அப்பாவுக்கு அவருடைய மாஸ்டர் முழுசாக மிஞ்சுவார். மன்னிப்புக் கேட்டேன், அவர் அதெல்லாம் நான் என்றைக்கோ மறந்துவிட்டேன் என்றார் என்று ஒரு பொய் சொன்னால் போதும், அப்பா அன்றைக்கு நிம்மதியாகத் தூங்குவார். ஆனால் செய்யாத தப்பைச் செய்ததாகவே நினைத்துக்கொண்டுதான் சாவார். வெட்டாமல் காட்டினால் தப்பு அவர் மேல் இல்லை என்று தெரியும். அதற்கு விலையாக, எவனோ சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வேடிக்கை பார்ப்பதற்காகத் தன் இடுப்பு போயிற்று என்பதும் தெரியும். எது பாவம்? சிக்னலில் நின்றவள் பச்சை விழுந்ததும் நடக்க மறந்து நின்றாள். பின்னால் வந்த அம்மாள் ஒருத்தி, “போம்மா, பராக்குப் பாத்துக்கினு” என்று தள்ளிக்கொண்டு போனாள்.

வீட்டுக்குள் நுழைந்ததுமே அப்பா, “சொன்னியா?” என்றார். சட்டையைக் கழற்றவே இல்லை.

“மொதல்ல வீடியோவப் பாரு நைனா.”

அவள் லேப்டாப்பைத் திறந்து அவர் எதிரில் வைத்தாள். அம்மா முறத்தில் வெங்காயத்தோடு ஓரமாக உட்கார்ந்து, தனக்கு இதில் சம்பந்தமில்லை என்கிற மாதிரி உரித்தாள். திரையில் மாஸ்டர் வந்ததும் அப்பா முகம் மலர்ந்தது. மீசையைப் பார், இன்னும் கறுப்பாகவே வைத்திருக்கிறார் என்றார். குதிரைக் கதை வந்தபோது, அந்தக் குதிரை தன்னையும் ஒரு தடவை கடித்தது என்று துணைக் கதை சொன்னார். மொழி அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். நிறுத்துகிற பொத்தான் அவள் விரலுக்குப் பக்கத்திலேயே இருந்தது. அந்தப் பையன் கேள்வி கேட்டான். மாஸ்டர் சாய்ந்து உட்கார்ந்தார். அவள் நிறுத்தவில்லை.

ஓடி முடிந்ததும் அப்பா அவளைப் பார்க்காமலே, “திரும்பப் போடு” என்றார்.

போட்டாள்.

“பொன்னு, கேட்டியா? மொதோ டேக்கே ஓகேவாம். கேமராமேன் கை தட்னாராம். நான் பெட்டிக்குள்ள கீறேன், எனக்கெப்டித் தெரியும்?” அவர் சிரித்தார். தொடையில் தட்டிக்கொண்டார். “படத்துல கீறது என் ஜம்ப்புதான். மூஞ்சே தெரில. நான் கரீட்டாத்தான் குதிச்சிருக்கேன்.”

மொழி இதை எதிர்பார்க்கவில்லை. கோபப்படுவார், அழுவார் என்றெல்லாம் நினைத்திருந்தாள். அவர் சந்தோஷப்படுவார் என்று நினைக்கவில்லை. அந்தச் சந்தோஷத்தைப் பார்க்க அவளால் முடியவில்லை.

அம்மா உரிப்பதை நிறுத்தியிருந்தாள். “அப்போ ரெண்டாவது இன்னாத்துக்கு?”

“அதான் சொல்றாரே. ஹீரோ பாக்கல இல்ல, அவரு பாக்கறதுக்கு...”

சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நின்றார். தான் சொன்னது தன் காதிலேயே அப்போதுதான் விழுந்தது போலிருந்தது. வாசலில் பிள்ளைகள் சைக்கிள் டயரை உருட்டிக்கொண்டு கத்தியபடி ஓடினார்கள். அப்பா லேப்டாப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். திரை தானாக அணைந்தது.

“கேட்டிருக்கலாம்” என்றார். “இன்னாத்துக்கு மாஸ்டர்னு ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லிருப்பாரு. ஹீரோ பாக்கணுமாம்டான்னு சொல்லிருப்பாரு. நான் மொதோ மாறியே குதிச்சிட்டு எறங்கியிருப்பேன்.”

ஒரு தப்பை அவர் தலையிலிருந்து இறக்கி வைக்கத்தானே மொழி இதைக் காட்டினாள்? அவர் அதை இறக்கிய கையோடு இன்னொன்றைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டுவிட்டார்.

“கேட்டிருந்தா அடுத்த படத்துக்குக் கூப்டிருப்பாங்களா நைனா?”

அம்மாதான் பேசினாள், குரலே உயர்த்தாமல். “ஆம்பளைங்க ரெண்டு பேரு. ஒர்த்தரு ஏன்னு சொல்லல, ஒர்த்தரு ஏன்னு கேக்கல. நடுவுல நான் ஆப்பம் சுடறேன்.”

அப்பா அவளைப் பார்த்தார். பார்வையைத் தாழ்த்திக்கொண்டார். பிறகு மொழி, மேடம் வெட்டச் சொன்ன விஷயத்தைச் சொன்னாள். எந்த இடத்திலிருந்து எந்த இடம் வரைக்கும் என்று அப்பா விவரமாகக் கேட்டுக்கொண்டார். அவர் முகத்தில் எதையும் படிக்க முடியவில்லை.

“வெட்டாத” என்றார். “நான் மொதோ டேக்ல ஓகே வாங்கனதுக்கு அது ஒண்ணுதான் சாட்சி.” அப்புறம், “புள்ளைங்க சிரிக்கிறத மட்டும் எட்த்துட முடியுமா?” என்று கேட்டார்.

“முடியாது நைனா. அவரு பேசறதோட சேந்து கீது.”

“சரி, இர்க்கட்டும்.”

மொழி தன் போனை எடுத்தாள். அவளுக்கு எழுத வரும், பேசத்தான் வராது. அந்தப் பையன் என் அப்பா, அதனால் என்னால் வெட்ட முடியாது மேடம் என்று ஸ்ரீலக்ஷ்மிக்கு எழுதினாள். கூடவே, அவர் ஏன் முகத்தைத் திருப்பினார் என்பதையும் எழுதினாள். இதைப் படித்துவிட்டு மேடம் வேறு யாரையாவது வைத்து வெட்டிக்கொள்ளலாம். திங்கட்கிழமை வகுப்பே அவளைத் திரும்பிப் பார்க்கலாம். ஒரு தடவை படித்துப் பார்த்தாள். அனுப்பினாள். மேடம் படித்ததற்கு அடையாளமாக நீல டிக் விழுந்தது. பதில் வரவில்லை.

“அத இப்டி குடு” என்று அப்பா கை நீட்டினார்.

அவர் கூப்பிட்ட எண்ணைப் பார்த்ததும் மொழி அம்மாவைப் பார்த்தாள். பொங்கலுக்கு இன்னும் எத்தனையோ மாதம் இருந்தது. மணி அடித்தது. மாஸ்டரின் குரல் எல்லோருக்கும் கேட்கிற அளவுக்கு உரக்க வந்தது. “யார்ரா அது?”

“நாகராஜ், மாஸ்டர்.”

“டேய் நாகு! இன்னிக்கிதாண்டா ஒன்னப் பத்திப் பேசிக்கினு இருந்தேன். நல்லா இருக்கியா?”

அந்தக் குரலைக் கேட்டதும் அப்பாவின் உடம்பு தானாக நிமிர்ந்தது. ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கப் பார்த்தார். அம்மா முறத்தைக் கீழே வைத்துவிட்டு வந்து, வெங்காயச் சாறு படிந்த கையை அவர் தோளில் வைத்து அழுத்தினாள். அவர் உட்கார்ந்தார்.

“மாஸ்டர்” என்றார். “ஒண்ணு கேக்கணும் மாஸ்டர்.”